சன்னல் இல்லாத அரண்மனையும் சிவலைப் பசுவும்

முன்னொரு காலத்தில், முன்னேயும் பார்க்காமல் பின்னேயும் யோசிக்காமல் உத்தரவு போடுகிற ராசா ஒருவர் இருந்தார். தீரகேசரி என்று பெயர். தீரன் பாதி, சிங்கம் பாதி என்று பெற்றவர்கள் ஆசையாகத்தான் வைத்தார்கள். பெயரா போருக்குப் போகும்? மனிதருக்கு நெஞ்சு முழுக்கப் பயம்.

அந்தப் பயம் பிறவியிலேயே வந்ததில்லை. பக்கத்து நாட்டு ராசா ஒருநாள் சாயங்காலம் சன்னலோரம் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாராம். எங்கிருந்தோ ஓர் அம்பு வந்தது. வாயில் போட்டதை மெல்லக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. இந்தச் சேதி வந்தபோது நம் ராசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிசைந்த சோற்றில் கை அப்படியே நின்றுவிட்டது. மெதுவாகத் தலையைத் திருப்பி எதிரே இருந்த சன்னலைப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்தது சனி.

அதற்குப் பிறகு சன்னலைப் பார்த்தால் அவருக்கு அம்பு தெரிந்தது. மரத்தைப் பார்த்தால் அதன் பின்னால் ஒளிந்திருக்கிற ஆள் தெரிந்தான். குளத்தைப் பார்த்தால் நீந்தி வருகிற ஒற்றன். முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தாலோ, மேலேயிருந்து எவனாவது பாம்பை வீசிவிடுவானோ என்று உடம்பு நடுங்கியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெளிச்சமானதெல்லாம் பேயாகிவிட்டது. ராணி போய்ச் சேர்ந்து வருசங்கள் ஆகியிருந்தன. மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெண் குழந்தை, கோமளவல்லி. தனக்கு ஏதாவது ஆனால் பரவாயில்லை, இந்தக் குழந்தைக்கு ஆகிவிட்டால்? பாவம், அந்த மட்டில் அவரைக் குறை சொல்ல முடியாது.

பயந்தவன் பக்கத்தில் பசித்தவன் ஒருவன் எப்போதும் இருப்பான் அல்லவா? அந்த ஊரில் அவன் பெயர் மகுடபதி. கோட்டை, கொத்தளம், கட்டடம் எல்லாம் அவர் அதிகாரம்.

“மகாராசா, அடியேனுக்கு உத்தரவு கொடுங்கள். எமன் வந்தாலும் வாசல் எங்கே என்று வழி கேட்க வேண்டும். அப்படி ஓர் அரண்மனை கட்டித் தருகிறேன்” என்றார் மகுடபதி.

“கட்டு” என்றார் ராசா. என்ன செலவு, எப்படிக் கட்டுவாய், ஒரு கேள்வி கிடையாது.

கட்டினார் ஐயா, கட்டினார்! யானையை நீளவாக்கில் படுக்கப் போட்டால் எவ்வளவு நீளமோ அவ்வளவு கனத்தில் சுவர். அதில் சன்னல் கிடையாது, சாளரம் கிடையாது, ஒரு பல்லி நுழைகிற துவாரம்கூடக் கிடையாது. நடு முற்றத்துக்கு மேலே கற்பலகை போட்டு வானத்தை மூடினார். வாசல் ஒன்றே ஒன்று, அதற்கும் இரும்புக் கதவு. மேற்கே இருந்த வேம்பும் புன்னையும் மாமரமும் ஒன்று விடாமல் வெட்டுப்பட்டுச் சாய்ந்தன. எதிரே இருந்த பெரிய குளத்தைத் தூர்த்து, மேலே கருங்கல் பாவினார். வெயில் ஏறினால் அந்தக் கல்லில் தோசை வார்க்கலாம். குளத்துக்கு வந்துகொண்டிருந்த வாய்க்காலை என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. நீங்களும் கொஞ்சம் பொறுங்கள்.

புதுமனை புகுகிற நாள் வந்தது. வீட்டுக்குள் முதலில் பசுதானே போக வேண்டும்? ஆளுக்கு முன்னால் அது போனால்தான் வீடு விளங்கும். அதற்காக ஒரு பசு வந்தது. செம்மண் நிறத்தில் நல்ல சிவலைப் பசு. அரண்மனை விகடகவி மூக்கன் வீட்டுப் பசு அது. மூக்கனுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் எதுவும் தங்காததால், இவனாவது தங்கட்டும் என்று மூக்கைக் குத்தி அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். ஆள் தங்கினான், வாய்தான் தங்கவில்லை. எதையாவது சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வதே பிழைப்பு.

சிவலை வாசல் வரைக்கும் வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தது. புஸ்ஸென்று மூச்சு விட்டுக் காலை ஊன்றி நின்றுவிட்டது. முன்னால் இழுத்தார்கள், பின்னால் தள்ளினார்கள். ஒரு குளம்பும் நகரவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. மகுடபதி தன் பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்துப் பசுவின் கண்ணைக் கட்டி, நாலு ஆளை விட்டு உள்ளே தள்ளினார். “சுபம்!” என்று கத்தினார்.

மூக்கன் சும்மா இருந்திருக்கலாம். “கண்ணைக் கட்டினால்தான் உள்ளே போக முடியும் போலிருக்கிறது. நமக்கும் ஆளுக்கு ஒரு துணி கொடுப்பார்களா?” என்று கேட்டுவிட்டான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மகுடபதி சிரிக்கவில்லை. திரும்பி மூக்கனை ஒரு பார்வை பார்த்தார்.

அரண்மனைக்குள் எந்நேரமும் இருட்டு. காலையா மாலையா என்று தெரியாது. அதனால் எந்நேரமும் பந்தம் எரிந்தது. எண்ணெய்ப் புகை போக வழியில்லாமல் மேலே போய் முட்டி, திரும்பக் கீழே இறங்கியது. சுவரெல்லாம் வேர்த்து ஊறி, மூலைக்கு மூலை கறுப்பாகப் பூசணம் படர்ந்தது. ஈரத்தை உலர்த்துகிறோம் என்று அறைக்கு அறை கணப்புச் சட்டியில் கரியைப் போட்டு மூட்டினார்கள். வெளியே பாவிய கல் பகலெல்லாம் காய்ந்து, சூட்டைச் சுவருக்குள் ஏற்றியது. உள்ளே இருந்தவர்களுக்குத் தலைவலி வந்தது, இருமல் வந்தது, தூக்கம் போனது. தூங்கினவர்களும் அலறிக்கொண்டு எழுந்தார்கள். “நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்துக்கிட்டு அமுக்குறாங்க!” என்று ஒரு தாதி கதறினாள். கீழறையில் கணப்புப் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்த ஒருவன், உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்தான். உடம்பில் ஒரு காயம் இல்லை. முகம் மட்டும் செக்கச் செவேலென்று இருந்தது.

அவ்வளவுதான். பேய் என்று பேச்சு கிளம்பிவிட்டது. பேயை விரட்டச் சாம்பிராணி போட்டார்கள். போகவில்லை என்று இன்னும் போட்டார்கள். கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்த கதைதான். குழந்தை கோமளவல்லிக்கு இழுப்பு வந்தது. மூச்சு உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது ஒரு சத்தம். உதடு நீலம் பூத்தது. அரண்மனை வைத்தியர் கிழவர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “மகாராசா, சுவரில் ஒரு சன்னலாவது...” என்று ஆரம்பித்தார்.

ராசா துள்ளி எழுந்தார். மகுடபதி முந்திக்கொண்டார். “பார்த்தீர்களா மகாராசா! எதிரி ஆள் அனுப்பிவிட்டான். சன்னல் வைக்கச் சொல்கிறவன் அம்புக்கு வழி சொல்கிறான்!”

அன்றைக்கே வைத்தியர் சிறைக்குப் போனார். அரண்மனையில் சன்னல் என்ற பேச்சை எடுக்கிறவன் எதிரியின் ஆள் என்று முரசு அறைந்தார்கள். அதற்கப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்? அறிந்தவர்களும் ஊமையானார்கள்.

ஒருநாள் சபையில் மகுடபதி எழுந்தார். “மகாராசா, பேய் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். புதுமனை புகுந்த அன்று மூக்கன் வாய் வைத்தான். கருநாக்கு! அவன் வீட்டுப் பசுவோடுதான் பேய் உள்ளே வந்தது. ஏவியவனே எடுக்கட்டும்.”

ராசா தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது. கண் இரண்டும் கோவைப்பழம். “மூக்கா! அமாவாசைக்குள் அந்தப் பேயை என் கண் முன்னால் உயிரோடு காட்ட வேண்டும். தவறினால் கழு!”

“அரண்மனையில் ஒரு கல்லைப் பெயர்க்கக் கூடாது. ஓர் ஊசி நுழைய ஓட்டை போடக் கூடாது. அதையும் உத்தரவில் சேர்க்க வேண்டும் மகாராசா” என்றார் மகுடபதி பணிவாக.

“சேர்த்தேன்” என்றார் ராசா.

மூக்கனுக்கு எப்போதும் பதில் நாக்கு நுனியில் இருக்கும். அன்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தான். பயம், ஐயா. விகடகவிக்கும் உயிர் ஒன்றுதானே. உத்தரவானதால் குழந்தையைப் பார்க்க அவனை உள்ளே விட்டார்கள். அவளுக்கு மூக்கன் என்றால் உயிர். அவனைப் பார்த்துச் சிரிக்க வாயைத் திறந்தாள், இருமல்தான் வந்தது. தன் துண்டால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டான்.

“மூக்கா, ராத்திரி அது வருதே, அதை நீ பிடிச்சிருவியா?” என்று கேட்டாள் குழந்தை.

“பிடிச்சு, வாலை முறுக்கி, உங்க கையில கொடுக்கிறேன் தாயி” என்றான். வெளியே வரும்போது அவனுக்கு அழுகை முட்டியது. வாசலில் தச்சன் ஒருவன் உட்கார்ந்து நீளமான மரம் ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தான். சரக், சரக். நல்ல வைரம் பாய்ந்த வேங்கை மரம். யாருக்கு என்று மூக்கன் கேட்கவில்லை.

வீட்டில் அவன் மனைவி பேச்சியம்மாள் துண்டை வாங்கிப் பார்த்தாள். கறுப்பாகக் கரி ஒட்டியிருந்தது.

“என்னய்யா இது? பச்சப்புள்ள மூக்குக்குள்ளயா இம்புட்டுப் புகை? இது பேயுமில்ல பிசாசுமில்ல. கூரையில ஓலையத் தூக்கி விடாம அடுப்பெரிச்சா எனக்கே மூச்சு முட்டும். போயி ராசாகிட்ட நேரா சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னாரே வைத்தியரு. எங்க இருக்காரு இப்போ? நான் சொன்னா அமாவாசை வரைக்கும்கூட விடமாட்டாக. நான் போறது கிடக்கட்டும் பேச்சி. அந்தப் புள்ள மூச்சு விடுற சத்தத்தக் கேட்டியா? அது அமாவாசை தாண்டாது.”

கொட்டிலில் சிவலை கன்றை நக்கிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் அதைப் பார்த்தாள், மூக்கனும் பார்த்தான்.

“அதுக்கு மட்டும் புத்தி இருந்துச்சு. உள்ள போகமாட்டேன்னுச்சே” என்றாள்.

மூக்கன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். “மகுடபதி வீடு எங்கன இருக்கு?”

“குளத்த மூடுன கல்லுத்தரை தாண்டி தெக்கால. பெரிய தோப்பு. நான் புல்லறுக்கப் போறது அங்கதான். வெட்டாத வேம்பும் புன்னையும் இந்தப் பக்கத்துல அங்க மட்டுந்தான் மிச்சம். நம்ம குளத்து வாய்க்காலும் இப்போ அங்கதான் ஓடுது.”

“அப்படியா சேதி!” என்றான் மூக்கன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவன் முகத்தில் ஒரு கோணல் சிரிப்பு வந்தது.

மறுநாள் சபையில் போய் விழுந்தான். “மகாராசா, பேயைக் காட்டுகிறேன். மனுசன் கண்ணுக்கு அது தெரியாது, மாட்டின் கண்ணுக்குத் தெரியும். அன்று கண்ணைக் கட்டி விட்டதால் பசு சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. மறுபடி ஒருமுறை புதுமனை புக வேண்டும். பசுவின் கண் திறந்திருக்க வேண்டும். கயிற்றை வீட்டு எசமானர் கையில் சுற்றிப் பிடிக்க வேண்டும். இளவரசியார் தங்கள் மேலாடையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பசு படுக்கிற வரைக்கும் கயிற்றை விடக் கூடாது. நடுவில் விட்டால், பேய் குழந்தை மேல் ஏறிவிடும். அப்புறம் இறங்காது.”

மகுடபதி மனசுக்குள் சிரித்தார். பசு மறுபடி உள்ளே வராது, மூக்கன் நேரே கழுவுக்குப் போவான். “நல்ல யோசனைதான் மகாராசா. ஒரு கல்லும் பெயராதே!” என்றார்.

அமாவாசையன்று காலையில் ஊரே கூடிவிட்டது. ஒரு பக்கம் கழுமரம் நட்டுத் தயாராக நின்றது. தச்சன் அதன் முனைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். மூக்கன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. இரும்புக் கதவு கிரீச்சென்று பாதி திறந்தது. உள்ளே இருட்டில் ராசா நின்றார். வெளிச்சம் பட்டு எத்தனையோ நாளான முகம் வெளுத்துக் கிடந்தது. அவர் மேலாடையைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு தோள்பட்டை ஏறி இறங்க, குழந்தை நின்றது.

மூக்கன் கயிற்றை உள்ளே நீட்டினான். ராசா அதை மணிக்கட்டில் நன்றாகச் சுற்றிக்கொண்டார். வாசலை விட்டு ஓர் அடி இந்தப் பக்கம் வரவில்லை.

சிவலை இருட்டைப் பார்த்தது. காதை மடக்கியது. புஸ்ஸென்றது. நாலு காலையும் கல்லில் ஊன்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தது.

“பாக்குது! அது கண்ணுக்குத் தெரியுது!” என்று கூட்டத்தில் ஒருத்தி அலறினாள். ராசாவுக்குப் பிடரி மயிர் சிலிர்த்துவிட்டது. தன் முதுகுக்குப் பின்னால்தான் அது நிற்கிறது என்று நினைத்தார். திரும்பிப் பார்க்கவும் தைரியமில்லை. குழந்தை அவர் துணியை இறுக்கிப் பிடித்தது.

அந்த நேரம் பார்த்து, தெற்கேயிருந்து காற்றோடு ஒரு குரல் வந்தது. “ம்ம்மா!”

பேச்சியம்மாள் விடியற்காலையிலேயே கன்றைக் கொண்டுபோய் மகுடபதி தோப்பில் கட்டி, பால் குடிக்க விடாமல் வைத்திருந்தாள். பசித்த கன்றின் குரல் கேட்டால் எந்தத் தாய் நிற்பாள்? சிவலை ஒரே திருப்பு. பிடித்தது ஓட்டம்.

கயிறு விறைத்தது. மகாராசா தீரகேசரி வாசலைத் தாண்டி வெளியே பறந்து வந்தார்!

“ஐயோ! அம்பு! காப்பாத்துங்கடா!” என்று கத்தினார்.

“கயிற்றை அறுங்கள்!” என்று மகுடபதி அலறினார். வீரன் ஒருவன் வாளை உருவிவிட்டான்.

மூக்கனுக்கு உயிர் ஒரு கணம் நின்றது. “அறுத்தால் பேய் குழந்தை மேல் ஏறும்!” என்று கூவினான்.

“அறுக்காதே! அறுத்தவன் தலை போகும்!” என்று ஓடிக்கொண்டே ராசா போட்ட சத்தத்தில் வாள் தானாக உறைக்குள் போய்விட்டது. அவருக்கு எதிரியின் மேல் பயம். அதைவிடப் பெரிய பயம் பெண்ணின் மேல் பேய் ஏறிவிடுமோ என்பது. சின்னப் பயத்தைப் பெரிய பயம் தின்றுவிட்டது.

குழந்தையின் கையிலிருந்து மேலாடை நழுவியது. அவள் விழுவதற்குள் மூக்கன் பாய்ந்து அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். அவள் மூச்சு அவன் காதோரம் சீழ்க்கையடித்தது. நாமாகவே இந்தக் குழந்தையைக் கொன்றுவிடப் போகிறோமோ? அப்படிக் கொன்றுவிட்டால் கழுவே வேண்டாம், நானே போய் ஏறிக்கொள்வேன் என்று நினைத்துக்கொண்டு ஓடினான். கருங்கல் தரை அந்தக் காலை நேரத்திலேயே கொதித்தது. செருப்பில்லாத ராசா குதித்துக் குதித்து ஓடினார். தான் போட்ட கல் தன் காலைச் சுட்டது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

கல் முடிந்து மண் வந்தது. மண்ணுக்கு அப்புறம் புல் வந்தது. சிவலை ஒரு வேலியைப் பிளந்துகொண்டு தோப்புக்குள் நுழைந்து, வாய்க்கால் ஓரம் கட்டியிருந்த கன்றிடம் போய் நின்றது. அதை நக்கியது, பால் கொடுத்தது. பிறகு ஒரு புன்னை மரத்தடியில் ஆற அமரப் படுத்துக்கொண்டது.

ராசாவும் பக்கத்தில் விழுந்தார். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். இதோ வருகிறது அம்பு, இதோ வருகிறது! மடியில் ஏதோ பொத்தென்று விழுந்தது. வீலென்று அலறினார். பார்த்தால் ஒரு புன்னைக்காய்.

அம்பு வரவில்லை. வாய்க்கால் தண்ணீர் மேலாகத் தென்றல் வந்தது. இலைக்கு நடுவே வெளிச்சம் வந்தது. ராசாவின் கண் செருகியது. தலையிலிருந்த கை ஒவ்வொன்றாகக் கீழே நழுவ, மாட்டின் வயிற்றில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். கயிறு கையிலேயே இருந்தது. எழுப்ப எவனுக்குத் தைரியம்? வீரர்கள் சுற்றி நின்றார்கள். மூக்கன் மட்டும் மரத்தில் சாய்ந்து, குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு விழித்திருந்தான். அவள் இழுப்புச் சத்தம் குறைகிற மாதிரி இருந்தது. குறைகிறதா, நிற்கப் போகிறதா? கேட்டுக்கொண்டே இருந்தான். கும்பிடாத சாமியெல்லாம் கும்பிட்டான்.

பொழுது சாய்கிற நேரத்தில் ராசா விழித்தார். காதைத் தீட்டினார். எத்தனையோ நாளாக அவர் காதில் ஓயாமல் கேட்ட அந்த இழுப்புச் சத்தம் கேட்கவில்லை.

“மூச்சு நின்றுவிட்டது! என் குழந்தைக்கு மூச்சு நின்றுவிட்டது!” என்று எழுந்து ஓடி வந்தார். மூக்கனுக்குக் குனிந்து பார்க்கவே பயம்.

குழந்தை கண்ணைத் திறந்தது. “அப்பா, பசிக்குது” என்றது.

நல்ல சத்தமாகச் சொன்னது. நடுவில் இருமவில்லை. உதட்டில் நீலம் இல்லை. ராசா அவளை வாங்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, ராசா என்பதையே மறந்து அழுதார்.

அழுகைச் சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து ஓர் அம்மாள் வந்தாள். மகுடபதியின் மனைவி. முரசு அறைந்ததெல்லாம் அந்தத் தோப்புக்குள் எட்டவில்லை. வந்திருப்பது ராசா என்று தெரிந்ததும் விழுந்து கும்பிட்டு, ஓடிப்போய் மோரும் பழஞ்சோறும் கொண்டுவந்தாள். ராசா அப்போதுதான் அந்த வீட்டைப் பார்த்தார். நடுவே திறந்த முற்றம். நாலு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சன்னல்.

“அம்மா, இது யார் வீடு?”

“எங்க வீடுதான் மகாராசா. அவுகளே நின்னு கட்டினது. காத்து இல்லாட்டி அவுகளுக்குக் கண்ணு மூடாது. தெக்குச் சன்னல் ஒரு கதவு சாத்தியிருந்தாலும் என்னைக் கொல்லப் பாக்குறியான்னு சத்தம் போடுவாக.”

ராசா அந்தச் சன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மோரைக் குடித்தார்.

ராசா திரும்பி வருவார் என்று பகலெல்லாம் கழுமரத்தடியில் காத்துக்கிடந்த மகுடபதி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தார். வந்த வேகத்தில் தன் மனைவி நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. “மகாராசா! வெட்டவெளிக்குத் தங்களை இழுத்து வந்துவிட்டான் துரோகி! உடனே அரண்மனைக்குள் வாருங்கள். பொழுதும் சாய்ந்துவிட்டது. பேயைக் காட்டினானா? இல்லை! ஏற்றுங்கள் கழுவில்!”

“மூக்கா, கெடு முடிகிறது. பேய் எங்கே?” என்றார் ராசா.

மூக்கன் கும்பிட்டான். “இதோ காட்டுகிறேன் மகாராசா. அதற்கு முன்னால் ஒரு குறை. எமனும் வழி கேட்கிற அரண்மனையைக் கட்டினார் மகுடபதியார். அவருக்கு ஏற்ற பரிசு இன்னும் கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட மேதையை எதிரி விட்டுவைப்பானா? இன்றைக்கே அவரைப் பத்திரமாக உள்ளே வையுங்கள். இளவரசியார் படுத்த அறை, அதே கட்டில். அதே பந்தம், அதே கணப்பு, அதே சாம்பிராணி. வெளியே இரும்புக் கதவைப் பூட்டிவிடுவோம்.”

ராசா மகுடபதியின் முகத்தைப் பார்த்தார். “நியாயம்தான். கொண்டுபோங்கள்.”

“அடியேன் எளியவன் மகாராசா. அரசர் அறை எனக்கு எதற்கு?” என்றார் மகுடபதி. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வீரர்கள் இரண்டு தோளையும் பிடித்தார்கள். நாலு அடி நடந்தார். கருங்கல் தரைக்கு அந்தப் பக்கம், சாயங்கால வெளிச்சத்தில், சன்னல் இல்லாத அந்தச் சுவர் தெரிந்தது. மனிதர் கால் மடங்கிச் சரிந்துவிட்டார்.

“வேண்டாம் மகாராசா! அதுக்குள்ளே வேண்டாம்! ஒரு ராத்திரி படுத்தால் விடிவதற்குள் செத்துப்போவேன். மூச்சு விட வழியே இல்லை, புகை போக வழியில்லை! ஒரு சன்னல், ஒரே ஒரு சன்னலாவது வைக்கச் சொல்லுங்கள், அப்புறம் படுக்கிறேன்!”

வீரர்கள் அவரை விட்டுவிட்டு ராசாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கன்று மட்டும் தாயை முட்டிக்கொண்டிருந்தது.

“மகாராசா, பார்த்தீர்களா? இத்தனை நாள் குழந்தையின் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அவர் சொன்ன இந்தப் புகைதான். உயிரோடு காட்டச் சொன்னீர்கள். அவர் வாயிலிருந்து உயிரோடு வந்து தங்கள் முன்னால் நிற்கிறது. ஒரு கல்லும் நான் பெயர்க்கவில்லை” என்றான் மூக்கன்.

தவளை தன் வாயால் கெட்டது. ஆனால் ராசா உடனே சிரித்துவிடவில்லை. “கதவைப் பூட்டச் சொன்னது நான்தானே மூக்கா? எவனோ கொல்ல வருவான் என்று பயந்து, நானே என் குழந்தையை...” குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

அப்போது மணிக்கட்டில் ஏதோ சுண்டி இழுத்தது. திரும்பினார். சிவலை எழுந்து நின்று, கயிற்றோடு அவர் பட்டு மேலாடையையும் சேர்த்து நிதானமாக மென்றுகொண்டிருந்தது. பாதி உள்ளே போய்விட்டது. கோமளவல்லி கலகலவென்று சிரித்தாள். “அப்பா, மாடு உங்களைக் கட்டிப் போட்டிருக்கு!” ராசா தன்னைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். அம்புச் சேதி வந்த பிறகு அவர் சிரித்த முதல் சிரிப்பு அது.

“கேள் மூக்கா, என்ன வேண்டும்? இந்தத் தோப்பே வேண்டுமா?”

“தோப்பை ஊருக்கு விடுங்கள் மகாராசா. வாய்க்காலைக் குளத்துக்கு விடுங்கள். வைத்தியரை வெளியே விடுங்கள். எனக்கென்று கேட்டால், அந்தக் கழுமரம் வேண்டும். நல்ல வேங்கை. தச்சனும் இழைத்து வைத்துவிட்டான். எனக்கு அளவெடுத்த மரத்தை வேறு யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை.”

அந்த மரத்தை அறுத்துத்தான் அரண்மனையின் முதல் சன்னலுக்குச் சட்டம் செய்தார்கள். கற்பலகையை எடுத்து முற்றத்துக்கு வானத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பாவிய கல்லைப் பெயர்த்துக் குளத்தைத் தோண்டினார்கள். மகுடபதிக்கு ராசா வேறு தண்டனை கொடுக்கவில்லை. அந்த வேலைகளை அவரே நின்று செய்ய வேண்டும், கடைசிச் சன்னல் வைத்து முடிகிற வரைக்கும் ராத்திரி அவர் படுக்கை அரண்மனைக்குள்தான். வேலை என்ன வேகத்தில் நடந்தது என்கிறீர்கள்! சிவலைக்கு மணியும் மேய்ச்சலுக்குக் குளக்கரையும் கிடைத்தன. பேச்சியம்மாளுக்கு ராசாவே பட்டுச் சேலை கொடுத்தார். அதை மாட்டுக்கு எட்டாமல் வைத்துக்கொண்டாள்.

முதல் சன்னல் திறந்த அன்று ராசா அதன் பக்கத்தில் போகவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். பயம் என்ன, ஒரு நாளில் போகிற காய்ச்சலா? மூக்கன் போய்த் தன் மூக்கை வெளியே நீட்டினான். “அம்பு வந்தால் முதலில் இதில் பட்டுக்கொள்ளட்டும் மகாராசா. ஏற்கெனவே ஓட்டை போட்ட மூக்குதான்” என்றான். கோமளவல்லி ஓடி வந்து அவன் பக்கத்தில் ஏறி நின்றாள். குளத்தின் மேலாகக் காற்று வந்து அவள் முடியைக் கலைத்தது. ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். உள்ளே போகும்போதும் சத்தமில்லை, வெளியே வரும்போதும் சத்தமில்லை. ராசா அதைக் கேட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடியே ஓர் அடி வந்தார். இன்னோர் அடி வந்தார்.

கதை இவ்வளவுதான். என்ன இங்கே இவ்வளவு புழுக்கம்? எழுந்து போய் அந்தச் சன்னலைத் திறந்துவிட்டு வாருங்கள்.